சந்தேகங்களுக்கு விளக்கம்: தொற்றுக்காலத்தில் வேலை நின்றால் நஷ்டம் யார் தலையில்?

திருப்பூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் கேட்டிருக்கிறார்: "கொரோனா மாதிரி இன்னொரு தொற்று வந்து வேலை நின்றால், அக்ரிமென்ட்டில் ஃபோர்ஸ் மஜூர் பிரிவு இருந்தால் போதுமா சார்? நஷ்டத்தை வாங்கிவிடலாமா?"

போதாதுங்க. ஃபோர்ஸ் மஜூர் என்பது பேரிடர் மாதிரி நம் கையில் இல்லாத காரணத்தால் வேலை தடைப்பட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பிரிவு. அது பெரும்பாலும் கூடுதல் நாள்தான் வாங்கித் தரும், பணம் தராது. 2020 பிப்ரவரி 19-ஆம் தேதியே மத்திய நிதியமைச்சகம், கொரோனாவால் சரக்கு வரத்து தடைப்பட்டால் அதை இயற்கைப் பேரிடராக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அப்புறம் மே 13-இல், மத்திய அரசு ஒப்பந்தங்களுக்கு 3 முதல் 6 மாதம் வரை அபராதமில்லாமல் கால நீட்டிப்பு தரலாம் என்றது. அதுவும் பிப்ரவரி 19 அன்று ஒப்பந்தத்தை மீறாமல் இருந்தவர்களுக்குத்தான். அதற்கு முன்பே வேலையை இழுத்தடித்தவர் கொரோனாவைக் காட்டித் தப்ப முடியாது.

சரி, பணம்? ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் என்று இருக்கும்போது ஊரடங்கு வருகிறது. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட்டும் அதற்கு முட்டுக்கொடுக்கும் ஜாக்கியும் நின்ற இடத்திலேயே நிற்கும், வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி துருப்பிடிக்கும். பிரித்த சிமென்ட் மூட்டை கட்டிதட்டிப் போகும். இதெல்லாம் யார் பொறுப்பு என்று எழுதியிருக்காவிட்டால் வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்: அரசு உத்தரவால் வேலை நின்றால் சென்ட்ரிங் வாடகை, வாட்ச்மேன் சம்பளம், ஆட்களின் சாப்பாட்டுச் செலவு இவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு? பாதிப் பாதி என்றால்கூட நல்லதுதான். வேலை நின்ற உடனே கடிதம் கொடுங்கள், தேதி தெரிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள். நிறைய ஒப்பந்தங்களில் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கெடு இருக்கும், அது தாண்டிவிட்டால் நாளும் கிடைக்காது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஆட்களைப் பற்றி. 2020 ஏப்ரல் 20-இலிருந்து கட்டுமானத்தை அனுமதித்த மத்திய வழிகாட்டுதல் நகரங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: ஆட்கள் சைட்டிலேயே இருக்க வேண்டும், வெளியிலிருந்து கூட்டிவரக் கூடாது. சோறு போட்டு ஆட்களை வைத்திருந்தவருக்குத்தான் அந்த அனுமதியால் பயன். மற்ற சைட்டுகளின் ஆட்கள் ஊருக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஷெட்டிலிருந்து தொடங்குங்கள். தகர ஷெட்டில் 20 பேரை ஒட்டி ஒட்டிப் படுக்க வைத்தால், ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும். காற்றோட்டம் வேண்டும், கூடுதல் குழாய் வேண்டும், காய்ச்சல் வந்தவருக்குத் தனி அறை வேண்டும். கம்பி கட்டுகிற செட்டும் சென்ட்ரிங் செட்டும் தனித்தனியாகத் தங்கினால், ஒரு செட் படுத்தாலும் இன்னொன்று ஓடும்.

நலவாரியப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு, வாரியத்தில் பதிந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. உங்களிடம் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது, எத்தனை பேர் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று இந்த வாரச் சம்பளம் கொடுக்கும்போதே மேஸ்திரியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.