அந்தோணியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பிய பெரியம்மா

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சப்பரம் பார்க்க வந்து எங்ககிட்ட மாட்டிக்கிட்ட பெருமக்களே, வணக்கம். “துன்பத்தில் ஆறுதல் தருவது உறவா, விசுவாசமா?” நான் விசுவாசத்தின் பக்கம்.

எதிரணித் தோழர் போறபோக்குல ஒரு போடு போட்டாரு. “ஜெபம் பண்றது, ரசீது தராத ஆபீஸ்ல மனு கொடுக்கிற மாதிரி”ன்னாரு. நீங்களும் கைதட்டினீங்க. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

ஐயா, ரசீது தர்ற ஆபீஸுக்கும் நான் போயிருக்கேன். பட்டாவுக்கு மனு கொடுத்தேன். ரசீதை லேமினேஷன் பண்ணிப் பத்திரமா வச்சிருக்கேன். பட்டாதான் இன்னும் வரலை! சரி, உங்க கட்சி உறவுக் கட்சி. உறவு ரசீது தருமான்னா, தாராளமாத் தரும். அதுக்குப் பேரு மொய் நோட்டு! இருபது வருஷம் முன்னாடி வச்ச நூத்தியொரு ரூபாய்க்கு எங்க மாமா இன்னைக்கும் கணக்குச் சொல்றாரு.

ரசீதே கேக்காத ஒருத்தங்களைச் சொல்றேன். எங்க பெரியம்மா. உவரிக்காரங்க. உவரிங்கிற கடற்கரை ஊர்னா புனித அந்தோணியார் கோயில்தான். காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தர்றவர். செவ்வாய்க்கிழமை தவறாம மெழுகுவர்த்தி. ஒருநாள் பெரியம்மாவோட ஆட்டைக் காணோம். சாதாரண ஆடு இல்லைங்க, சினை ஆடு. வீட்டு மாடத்துல இருக்கிற அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னாடி இடுப்புல கைவச்சு நின்னாங்க.

“ஏ அந்தோணியாரே! எத்தனை செவ்வாய்க்கிழமை ஒருசந்தி விரதம் இருந்திருக்கேன்! குழந்தை இயேசுவைக் கையில வச்சுக் கொஞ்சிக்கிட்டே இரும். என் ஆட்டை எவன் பார்ப்பான்?”

ரெண்டு நாள் ஆச்சு. ஆடு வரலை. பெரியம்மா என்ன பண்ணாங்க? சுரூபத்தைத் திருப்பிச் சுவத்தைப் பார்க்க வச்சிட்டாங்க! “ஆடு வர்ற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதேயும்.” பக்கத்து வீட்டுக்காரி பதறிட்டா. “பாவம்க்கா!” “எது பாவம்? ஆடா, அவரா?” (சிரிங்க, நான் காத்திருக்கேன்.)

ஆடு வந்துச்சா? வரலைங்க. அது எந்தக் கல்யாண வீட்டு அண்டாவுல வெந்துச்சோ! ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை விடியக்காலம் பாத்தா, அந்தோணியார் நேரா நிக்கிறாரு, முன்னாடி மெழுகுவர்த்தி எரியுது. “என்ன பெரியம்மா, சமாதானம் ஆயிட்டீங்களா?”ன்னேன். “ஆடு போச்சுல. இவரையும் விட்டுட்டா நான் யார்கிட்ட சண்டை போடுறது?”

நடுவர் ஐயா, இதாங்க என் கட்சி. ஆறுதல் சொல்ல ஊரே வரும். நம்ம கோபத்தை வாங்கிக்க யாரு வருவா? மச்சினனை ஒருதடவை இப்படித் திட்டிப் பாருங்க, மூணு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இயேசுவை அவரோட சீடர்களே திட்டியிருக்காங்க. பைபிள்ல மாற்கு நாலாம் அதிகாரம். கடல்ல புயல், படகுக்குள்ள தண்ணி, இயேசு பின்பக்கம் தூங்குறாரு. சும்மா இல்லை, தலையணை வச்சு! எழுப்பினவங்க தோத்திரமா சொன்னாங்க? “போதகரே, நாங்க சாகப்போறோம், உமக்குக் கவலையில்லையா?”ன்னு கேட்டாங்க. வலைக்காரன் பேச்சு அப்படித்தாங்க இருக்கும்.

புயல்னதும் சிரிப்பு நின்னுபோச்சு பாருங்க. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு குமரிக் கரையில எத்தனை வீட்டு ஆம்பளைங்க ஆழ்கடல்ல இருந்தாங்க! ஜெபம் மனுஷனை முடக்கிடும்னும் தோழர் சொன்னாரு. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உட்கார்ந்து, “எங்க ஆளுகளைத் தேடுங்க”ன்னு கேட்டது யாரு? அந்த ஜெபம் சொன்ன ஜனம்தாங்க. பங்குச் சாமியார்களும் கூடவே நின்னாங்க.

நிறையப் பேரு உடலாக்கூடத் திரும்பலை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. கல்லறையே இல்லாதவ எங்க ஏத்துவா? ஒரு அக்கா, நடுவுல நிக்கிற பெரிய சிலுவைக்கடியில ஏத்திட்டு, “எங்கய்யா வச்சிருக்கீரு அவரை?”ன்னு சத்தமாக் கேக்கும். வீட்டுல, “போதும், அழுகையை நிறுத்து”ன்னு மூணாம் மாசமே சொல்லிட்டாங்க. உறவுதாங்க, நல்ல உறவுதான், தாங்க முடியலை அவங்களுக்கு. சிலுவைகிட்ட அந்த அக்கா வருஷா வருஷம் கேக்குது.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அந்த அக்காகிட்ட போய், “விடும்மா, அங்க கேக்கிறதுக்கு ஆளில்லை”ன்னு சொல்லிட்டு வர உங்க அணியில ஒருத்தர் எழுந்திரிங்க. நான் இங்கேயே தோல்வியை ஒத்துக்கிறேன். வணக்கம்.