மரம் முதலில் குளிரை எண்ணுகிறது: ஓர் ஆப்பிள் கிளையில் பார்த்தது

வணக்கம். முதலில் ஒரு பழைய காட்சியைப் போடுகிறேன், பாருங்கள். இலை உதிர்ந்த கையோடு என் ஆப்பிள் மரத்தில் ஒரு கிளையை வெட்டி, தண்ணீர்ப் பாட்டிலில் வீட்டுக்குள் வைத்தேன். நல்ல கதகதப்பான அறை. ஒரு மாதம் ஆகியும் மொட்டு அசையவே இல்லை. இப்போது மேசையில் இருப்பது அதே மரத்தின் இன்னொரு கிளை, அதே அறை. குளிர்காலம் முழுக்க வெளியில் மரத்தோடு இருந்துவிட்டு உள்ளே வந்தது. பதினேழே நாளில் நுனி மொட்டு பிளந்து பச்சை தெரிகிறது. கிட்டே காட்டுகிறேன்.

இரண்டு கிளைக்கும் நடுவில் இருந்தது குளிர் மட்டும்தான்.

வசந்தம் வந்து வெயில் ஏறினால் மரம் துளிர்த்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான். குளிர்காலத்தின் முதல் பகுதியில் மொட்டு உள்ளுக்குள்ளேயே பூட்டிக்கொண்டு உறங்கும். அப்போது எவ்வளவு கதகதப்பு கிடைத்தாலும் எழாது. நடுக் குளிர்காலத்தில் நான்கு நாள் வெயில் அடித்ததை நம்பித் துளிர்த்தால், அடுத்த பனியில் கருகிவிடும் அல்லவா? அதற்கான காவல் இது. போதுமான குளிர் சேர்ந்த பிறகுதான் பூட்டு திறக்கும். அதன் பிறகு மொட்டு வெப்பத்துக்காகக் காத்திருக்கும். அந்தக் கட்டத்தில் வெப்பம் சேரச் சேரத் துளிர் நெருங்கி வரும். பல காட்டு மரங்களுக்குப் பகல் சுருங்குவதுதான் உறங்கப் போகும் அறிகுறி. ஆப்பிளும் பேரியும் பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, வெப்பநிலை இறங்குவதையே பார்க்கின்றன.

சரி, போதுமான குளிர் என்றால் எவ்வளவு? பழைய கணக்கு எளிது. 0 முதல் 7.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் நேரத்தையெல்லாம் கூட்ட வேண்டும்; இதைத்தான் சில்லிங் ஹவர்ஸ் என்கிறார்கள். பல ஆப்பிள் ரகங்களுக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம் வேண்டும். இஸ்ரேலில் உருவான அன்னா ரகத்துக்கு 300 மணி நேரமே போதும். உறைநிலைக்குக் கீழே போகும் கடுங்குளிர் இந்தக் கணக்கில் சேராது. 1974-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த யூட்டா கணக்கு இன்னொன்றையும் சேர்த்தது: நடுவில் வெயில் ஏறினால், சேர்ந்த குளிரிலிருந்து கழிக்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். குளிர்காலம் சூடானால் துளிர் சீக்கிரம் வரும் என்று எல்லா இடத்துக்கும் சொல்லிவிட முடியாது. குளிர் தாராளமாக இருக்கும் ஊர்களில் சீக்கிரம் வரும். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாளைப் பற்றி 812-ஆம் ஆண்டு முதல் குறிப்புகள் இருக்கின்றன. 2021-இல் மார்ச் 26-இலேயே முழுப் பூ. குளிர் மட்டுமட்டாக இருக்கும் ஊரிலோ அதே சூடு பூட்டைத் திறக்கவே விடாது, துளிர் தள்ளிப்போகும்.

இரண்டுமே வேதனைதான். 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மார்ச்சிலேயே கோடை போல வெயில் அடித்து மரங்கள் விழித்துக்கொண்டன. ஏப்ரல் உறைபனியில் அந்த ஆண்டு ஆப்பிள் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. உறங்கும் மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். விரிந்த ஆப்பிள் பூவோ மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தாலே பத்தில் ஒன்று சாகும், மைனஸ் 3.9-இல் பத்தில் ஒன்பது.

குளிர் போதாத மரம் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஒரு பீச் மரம் இருந்தது. நுனியில் மட்டும் நாலு இலை, கீழே நீளமாக மொட்டைக் கிளை. பூ மொட்டுகள் திறக்காமலே உதிர்ந்தன. நோய் என்று நினைத்து உரமும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மரத்துக்கு அது எதுவுமே குறையாக இருக்கவில்லை. ரகம் கேட்ட குளிர் அந்த இடத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆப்பிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூ வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும், மகரந்தம் தர வேண்டிய பக்கத்து ரகம் வேறொரு வாரத்தில் பூத்துப் போயிருக்கும்.

மொட்டை எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தெளிப்பவருக்கே நஞ்சு. வீட்டுத் தோட்டத்தில் வேண்டவே வேண்டாம். கன்று வாங்கும்போதே எத்தனை மணி நேரக் குளிர் கேட்கும் ரகம் என்று விசாரித்துவிடுங்கள்.

ஏற்கெனவே மரம் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பாட்டில் சோதனையைச் செய்யுங்கள். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிளை, ஒரு முழம் நீளம் போதும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், அடி நுனியைக் கொஞ்சம் புதிதாக நறுக்குங்கள். எந்தத் தேதியில் வெட்டிய கிளை எத்தனை நாளில் வெடித்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் மொட்டுகள் பரவலாகப் பிளந்தால் பூட்டு திறந்துவிட்டது, இனி பனியைக் கவனிக்க வேண்டிய நேரம். உங்கள் கிளை எத்தனை நாள் எடுத்தது என்று ரகத்தின் பெயரோடு கமென்ட்டில் சொல்லுங்கள்.