பேரன் என்றால் பெயரன்

(கிருஷ்ணகிரியில் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஊரார் வம்சத்தையெல்லாம் வில்லங்கம் போட்டுப் பார்த்தவன், சொந்த வம்சத்தைத் தேடப் போய் ஒரு வருஷம் தப்பான ஆளின் பின்னால் அலைந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

‘முனியப்பன் மகன் சின்னப்பையன்’ என்று பத்திரத்தில் இருந்தால் ரெண்டு தலைமுறை கையில் வந்துவிடும். முனியப்பன் வாங்கின பத்திரத்தை எடுத்தால் அவர் அப்பன் பேர். இப்படியே ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாம் தாத்தா பேரை அல்லவா பிள்ளைக்கு வைக்கிறோம்? பேரன் என்றாலே பெயரன்தானே. முனியப்பன் மகன் சின்னப்பையன், சின்னப்பையன் மகன் முனியப்பன், மறுபடியும் முனியப்பன் மகன் சின்னப்பையன். என் தாத்தா விற்ற நிலத்தை அவருடைய தாத்தா விற்றதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

காப்பாற்றியது சக்குபந்தி, அதாவது பத்திரத்தில் எழுதும் நான்கெல்லை. கிழக்கே ஓடை, வடக்கே வண்டித்தடம், மேற்கே நஞ்சப்பன் கொல்லை. இன்னொரு பத்திரத்தில் அதே மேற்கே, ‘காலஞ்சென்ற நஞ்சப்பன் வாரிசுகள் கொல்லை’. எது முந்தி, எது பிந்தி என்று அங்கே பிடிபட்டது. பக்கத்து வீட்டிலும் பேர் சுற்றத்தான் செய்யும். ஆனால் ரெண்டு வீட்டுச் சக்கரமும் ஒரே மாதிரி சுற்றாது.

ஜில்லா பேரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. பிறகு தர்மபுரி. 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆவணக் கட்டுகள்தான் இடம் மாறுகின்றன.

நிலமே இல்லாதவருக்குப் பத்திரம் ஏது? 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டம் முதலான வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர்; பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியலில் அப்பன் பேர், வயது, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். சேலம் ஜில்லா என்று இருந்தால் நம் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம். கூலியை அளந்து எழுதிய அளவுக்குப் பட்டாதாரரைக்கூட யாரும் எழுதவில்லை.

பெண்கள்தான் கிடைக்கவே மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடத்தில்: ‘மைனர் சின்னப்பையனுக்காக அவன் தாயாரும் கார்டியனுமான மாரம்மாள்’. கீழே மை பரவிய ஒரு கைநாட்டு. வீட்டில் ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியாது. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். “அட, எங்க பெரியக்கா பேரு அதுதாண்டா,” என்றாள். “மாமியா பேர எங்கம்மா வாயால சொல்லக் கூடாதுன்னு, பாப்பா பாப்பான்னே கூப்பிட்டாங்க. கடைசிவரைக்கும் அவ பாப்பாதான்.”