கயிற்றை இழுக்கும் உரிமை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மட்டக்களப்பு மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம்.

தொழிலகம் உயரப் பெரிதும் துணைநிற்பது புதிய இயந்திரமா, திருத்திய வேலை முறையா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் நம் வயல்களில் ஓடும் அறுவடை இயந்திரத்தைக் காட்டி, நாட்கணக்கில் வெட்டி, கதிர்க்கட்டுகளைச் சூடாகக் குவித்து, களவெட்டியில் மிதித்து நெல் பிரித்த வேலையை அது ஒரே பொழுதில் முடிக்கிறது என்றார். உண்மைதான். ஆனால் உன்னிச்சைக் குளத்து நீரில் விளையும் ஒரு கண்டத்திலே, அதாவது பலருடைய வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் ஒரே வயற்பரப்பிலே, ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்திருந்தால், உள்வயலில் முற்றிய கதிரை வெட்ட, பச்சைப் பயிர் நிற்கும் முன்வயலைக் கடந்து அந்த இயந்திரம் எப்படிப் போகும்? நீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் நாளையும் விவசாயிகள் கூடிப் பேசித் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம்தான் அதற்கு வழி விடுகிறது. அந்தக் கூட்டம் ஒரு வேலை முறை, ஐயா.

முறையை மாற்றினாலும் ஆளை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்க மாட்டேன். ஃபோர்டு நிறுவனம் 1913இல், நகர்ந்து வரும் காரில் ஒவ்வொருவரும் ஒரே சிறு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொருத்துவரிசையை அமைத்து, 12 மணி நேரத்துக்கு மேல் எடுத்த காரின் அடிச்சட்ட வேலையைச் சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தது; ஆனால் சலிப்புத் தாளாமல் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக விலகிப் போக, 1914 ஜனவரியில் நாட்கூலியை 5 டொலராக உயர்த்தியது.

இனி, கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் நகருக்கு வாருங்கள். அங்கே அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலையில் வேலைக்கு வராதோர் தொகையும் தரக்குறைவும் மலிந்து, 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ஜப்பானின் டொயோட்டா ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களையே, அதே தொழிற்சங்கத்தின் வழியே எடுத்தார்கள். அவர்களைச் சிறு குழுக்களாக்கி, பிழை கண்டவர் எவராயினும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் முழு வரிசையும் நிற்கலாம் என்றார்கள். வேலைக்கு வராமை பெரிதும் குறைந்தது; தரம் ஜப்பானியத் தொழிற்சாலைகளோடு ஒப்பிடத்தக்கதாக உயர்ந்தது. அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்குக் கொட்டிய பெரும்பணம் இந்தப் பலனைத் தரவில்லை. அந்த ஆலையும் 2010இல் மூடப்பட்டதே என்று எதிரணி கேட்கும். அதற்கு முந்திய ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கடனில் மூழ்கிக் கூட்டை விட்டு விலகியது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நான் கண்டதையும் சொல்கிறேன். இம்மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் தரம் பார்ப்பவனாக இருந்தேன். சேட்டுக் கொலர்களை முப்பது முப்பதாகக் கட்டி அடுத்த மெசினுக்குத் தள்ளுவார்கள். கொலரின் ஒரு முனை நீண்டு மறுமுனை குறுகி வருவது லைனின் கடைசியில் என் மேசைக்கு வந்த பிறகே தெரியும்; அதற்குள் பின்னால் பத்துக் கட்டுகள் சேர்ந்திருக்கும். தைக்கும்போதே பிழையைக் கண்ட பிள்ளை வாய் திறக்க மாட்டாள், மெசினை நிறுத்தினால் இலக்குக் குறைந்ததென்று ஏச்சு விழும். பின்னேரம் அதே பிள்ளைகள் நூல் பிரித்துக்கொண்டிருக்க, கடைசி பஸ்ஸும் போய்விடும். புதிய மெசின்கள் இறக்கினார்கள். பிழையான கொலர்கள் முன்னிலும் விரைவாகக் குவிந்தன.

பிறகுதான் கட்டை ஐந்தாகக் குறைத்து, ஆறு பேரை ஒரு குழுவாக எதிரெதிரே இருத்தி, பிழை கண்டவர் கையை உயர்த்தினால் எல்லோரும் நிறுத்தலாம் என்று விதி செய்தார்கள். முதல் நாள் கையை உயர்த்திய பிள்ளை எழுந்து போய், கொலர் வெட்டக் குறிக்கும் அட்டையை எடுத்து வந்து, ஓரம் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அது மாதக்கணக்காகத் தேய்ந்து கிடப்பது அவளுக்குத் தெரியும், நடுவர் அவர்களே. அவளிடம் கேட்பதற்கு அதுவரை எங்கள் வேலை முறையில் இடம் இருக்கவில்லை. நன்றி, வணக்கம்.