மின்னலுக்குப் பதில் எழுதியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1964-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ரோமுக்கு வடமேற்கே, கடலோரத்தில் சாந்தா செவேரா என்றொரு சின்ன ஊர். அங்கே மாசிமோ பலோத்தினோ என்ற பேராசிரியரின் குழு அகழாய்வு செய்துகொண்டிருந்தது. இரண்டு பழைய கோயில்களின் அடித்தளங்களுக்கு நடுவே மண்ணை விலக்கியபோது மூன்று சுருள்கள் கிடைத்தன. மூன்றும் மெல்லிய தங்கத் தகடுகள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரம், உள்ளங்கை அகலம். ஒரு காலத்தில் கோயிலில் அறைந்து வைத்திருந்த தகடுகளை யாரோ ஆணியோடு கழற்றி, கிழியாமல் சுருட்டி, அந்த ஆணிகளையும் உள்ளேயே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஒளித்து வைத்த பொருளாக அது தெரியவில்லை. மரியாதையோடு கிடத்தி வைத்தது போல இருந்தது.

அந்த இடத்தின் பழைய பெயர் பிர்ஜி. கைரே என்ற எட்ரஸ்கன் நகரத்தின் துறைமுகம். எட்ரஸ்கர்கள் யார்? ரோம் பெரிய ஊராவதற்கு முன்பே, இத்தாலியில் ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டில் நகரங்கள் கட்டி வாழ்ந்த மக்கள். அவர்களுடைய மொழி அக்கம்பக்கத்து மொழிகள் எதோடும் சேராதது. எழுத்துகளை வாசித்துவிடலாம், பொருள்தான் பாதிக்குப் பாதி பிடிபடாது. அதனால்தான் பிர்ஜித் தகடுகள் கிடைத்தபோது அறிஞர்களுக்கு அவ்வளவு பரவசம். இரண்டு தகடுகள் எட்ரஸ்கன் மொழியில், மூன்றாவது, கடல் வணிகர்களான பினீசியர்களின் மொழியில். பினீசியம் அறிஞர்களுக்குப் புரிந்த மொழி; அதை வைத்து எட்ரஸ்கன் வாசகத்தின் பொருளைத் தேடலாம்.

சொல்லும் செய்தி எளிமையானது. கி.மு. 500 வாக்கில் கைரேயை ஆண்ட தெஃபாரியே வெலியானாஸ் ஒரு வழிபாட்டிடத்தைத் தேவிக்குச் செய்து கொடுத்திருக்கிறான். எட்ரஸ்கன் வாசகத்தில் அவள் பெயர் ஊனி. பினீசிய வாசகத்தில் அவளே அஸ்தார்தே. துறைமுகத்துக்கு வந்து போன பினீசிய வணிகர்களும் தங்கள் தேவியாக அவளைக் கும்பிடலாம் என்று அரசனே எழுதி அறைந்து வைத்திருக்கிறான். தேவி தன்னிடம் கேட்டாள், அதனால் செய்து கொடுத்தேன் என்று அவன் சொல்வதாகப் பலர் அந்தப் பினீசிய வாசகத்தைப் படிக்கிறார்கள். கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது. கோயிலில் இருக்கும் தேவியின் உருவத்துக்கு, இதோ இந்த விண்மீன்கள் எத்தனையோ அத்தனை ஆண்டுகள் உண்டாகட்டும் என்று முடிகிறது.

தேவி கேட்டாள், அரசன் கொடுத்தான். எட்ரஸ்கன் வழிபாட்டின் உயிர்நாடி இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடவுள்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்டு, சரியான பதில் சொல்வதுதான் மனிதர் வேலை. ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா இரு தரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அழகாகச் சொன்னார். மேகங்கள் மோதுவதால் மின்னல் வருகிறது என்று ரோமானியர்கள் நினைக்கிறார்கள்; மின்னல் வர வேண்டும் என்பதற்காகவே மேகங்கள் மோதுகின்றன என்று எட்ரஸ்கர்கள் நம்புகிறார்கள். அவர்களுக்கு மின்னல் ஒரு வாக்கு. யார் அனுப்பியது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே போய் முடிந்தது என்று பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும்.

அதற்காக வானத்தை 16 பங்காகப் பிரித்தார்கள். கிழக்குப் பக்கம் நல்லது. வடமேற்கு மூலை ஆகாது. அதே வானம் ஓர் ஆட்டின் ஈரலுக்குள்ளும் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பலி கொடுத்த ஆட்டின் ஈரலை எடுத்து, எந்தப் பகுதி தடித்திருக்கிறது, எங்கே வடு இருக்கிறது என்று பார்த்துக் குறி சொல்வார்கள். இதைக் கற்றுக்கொடுப்பதற்கோ நினைவில் வைத்துக்கொள்வதற்கோ செய்த ஒரு வெண்கல ஈரல், 1877-இல் வட இத்தாலியில் பியாசென்சா நகருக்குப் பக்கத்தில் ஒரு வயலை உழும்போது கிடைத்தது. சுமார் 12 சென்டிமீட்டர் நீளம், கைக்குள் அடங்கிவிடும். பித்தப்பை மேலே புடைத்து நிற்கிறது. விளிம்பைச் சுற்றி 16 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் தெய்வப் பெயர்கள்: தீனியா, ஊனி, ஃபுஃப்லுன்ஸ், செல்வான்ஸ் என்று. கவிழ்த்துப் பார்த்தால் ஒரு பாதியில் சூரியனின் பெயர், மறு பாதியில் நிலாவின் பெயர்.

உழும்போது கிடைத்தது என்றேன் இல்லையா? இந்தக் கலை தங்களுக்கு வந்த விதமாக எட்ரஸ்கர்கள் சொன்ன கதையும் ஒரு உழவிலிருந்துதான் தொடங்குகிறது. தார்க்குவினியா ஊரில் ஒருவன் ஏர் ஓட்டினான். கொழு சற்று ஆழமாக இறங்கியது. சாலுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. பெயர் தாகேஸ். முகம் பிள்ளை முகம், அறிவு கிழவர் அறிவு. ஊரே கூடி நிற்க, அது பேசியதை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ இந்தக் கதையைக் கிண்டலாகத்தான் எழுதினார். எனக்குக் கிண்டலாகத் தோன்றவில்லை. மண்ணைக் கீறினால் அதற்குள் ஒரு குரல் இருக்கும் என்று நம்பியவர்களின் கதை அது.

அன்று எழுதிக்கொண்டதாகச் சொல்லப்படும் நூல்கள் அழிந்துவிட்டன. துணியில் எழுதிய ஒரே ஒரு நூல் மட்டும் பிழைத்தது, அதுவும் எகிப்தில். 1848-இல் அங்கே ஒருவர் வாங்கிய மம்மியைச் சுற்றியிருந்த நார்த்துணிப் பட்டைகளில், பூசைக்குரிய நாட்களும் முறைகளும் எட்ரஸ்கன் மொழியில் எழுதியிருந்தன. இன்று அது குரோவேஷியாவின் ஸாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்ரஸ்கன் மொழியில் நமக்கு எஞ்சிய மிக நீண்ட எழுத்து அதுதான்.

சரி, கோயில் எப்படி இருந்தது? கிரேக்கக் கோயிலை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கலாம். எட்ரஸ்கன் கோயிலுக்கு முகம் ஒன்றுதான். உயரமான மேடை, முன்பக்கம் மட்டும் படி, ஆழமான தூண் மண்டபம், அதற்குப் பின்னால் கருவறை. சில கோயில்களில் மூன்று கருவறைகள். சுவர் பச்சை மண் கல், தூணும் உத்தரமும் மரம். அதனால் பெரும்பாலும் அடித்தளம்தான் மிஞ்சுகிறது. ஆனால் கூரையில் பதித்த சுடுமண் உருவங்கள் தப்பித்தன. 1916-இல் வெயி நகரத்தின் கோயில் ஒன்றிலிருந்து எடுத்த அப்பல்லோ சிலை ஆளுயரம் இருக்கும். கூரை முகட்டில் நின்றிருந்தது. ஒரு கால் முன்னே, உடல் முன்னே சாய்ந்து, முகத்தில் ஒரு புன்னகை. கீழே இருந்து பார்ப்பவனுக்கு, தெய்வம் கூரைமேல் நடந்து வருவது போலவே இருந்திருக்கும். ரோம் நகரத்தின் கேப்பிடோல் குன்றுக் கோயிலுக்கு ஜூப்பிட்டர் சிலை செய்யவும் வெயியிலிருந்து வுல்கா என்ற கலைஞரைத்தான் வரவழைத்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

அதே வெயியை கி.மு. 396-இல் ரோமானியர்கள் பிடித்தார்கள். ஊரைக் கொள்ளையடித்த பிறகு அங்கிருந்த ஜூனோ தேவியை ரோமுக்கு அழைத்துப் போக வேண்டும். குளித்து, வெள்ளை உடுத்திய இளைஞர்கள் கருவறைக்குள் போனார்கள். தொடவே தயக்கம். ஒருவன் கேட்டான்: "ஜூனோ, ரோமுக்கு வருகிறாயா?" சிலை தலையசைத்தது என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்களாம். எதிரியின் தெய்வத்திடம்கூட அனுமதி கேட்டுத்தான் தூக்க வேண்டும் என்ற அந்தத் தயக்கத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி பதிந்து வைத்திருக்கிறார். அவரே இன்னொரு செய்தியும் சொல்கிறார். வோல்சினீ நகரத்தில் நோர்த்தியா தேவி கோயிலில் ஆண்டுக்கு ஓர் ஆணி அறைவார்களாம். ஆணிகளை எண்ணினால் ஆண்டுகள் தெரியும். பிர்ஜியில் தகட்டோடு ஆணிகளையும் சேர்த்துச் சுருட்டி வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோர்த்தியா கோயில் ஞாபகம் வரும்.

எட்ரஸ்கர்களுக்கு அண்டை வீட்டார் பலர். தெற்கே கப்புவாவில் ஓஸ்கன் மொழி பேசியவர்கள், பிள்ளை வரம் தந்த தேவிக்குக் கல்லில் தாய்மார் உருவங்களைச் செய்து வைத்தார்கள். நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நாற்காலியில் கனமாக உட்கார்ந்த பெண்கள், மடியில் துணி சுற்றிய குழந்தைகள். சிலர் மடியில் பத்துக்கும் மேல், விறகுக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும்.

கிழக்கே உம்பிரியர்கள். அவர்களுடைய குப்பியோ நகரத்தில் 1444-இல் ஏழு வெண்கலப் பலகைகள் கிடைத்தன. ஊரைச் சுற்றி வந்து தூய்மை செய்யும் சடங்கு அதில் அடி அடியாக இருக்கிறது. முதலில் பறவை பார்க்க வேண்டும். குறி பார்ப்பவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது, குறுக்கே வரக் கூடாது. வந்தால் பார்த்தது செல்லாது. அப்புறம் மூன்று வாசல்கள். முதல் வாசலுக்கு முன்னே ஜூப்பிட்டருக்கு மூன்று காளைகள், வாசலுக்குப் பின்னே மூன்று சினைப் பன்றிகள். பகை ஊரார் யாராவது உள்ளே இருந்தால் வெளியேறச் சொல்லி அறிவிப்பு. அந்தப் பட்டியலில் எட்ரஸ்கர்களும் உண்டு.

பலியின்போது சொல்லும் மந்திரத்தில் ஓரிடம் என்னை நிறுத்தி வைக்கிறது. இந்தப் பூசையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், தவறியிருந்தால், கண்ணுக்குத் தெரிந்த குறையோ தெரியாத குறையோ இருந்தால், இந்தக் காளையால் அது சரியாகட்டும் என்று பூசாரி வேண்டுகிறார். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு காளைக்கும் திரும்பத் திரும்ப. இதை மூடச் சடங்கு என்று தள்ளுபவர்கள் உண்டு. தன் காதில் சரியாக விழுந்ததா என்று உறுதியில்லாத மனிதனின் பணிவாக எனக்கு அது படுகிறது.

கடைசியாகத் தஸ்கனியில் சான் காஷியானோ என்ற ஊருக்குப் போவோம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். அங்கே பழைய புனிதக் குளம் ஒன்றின் சேற்றிலிருந்து எடுத்த 24 வெண்கலச் சிலைகளை 2022 நவம்பரில் உலகத்துக்குக் காட்டினார்கள். ஐந்து சிலைகள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். கூடவே வெண்கலத்தில் காதுகள், கால்கள், கைகள். எந்த உறுப்பு நோகிறதோ அதன் உருவத்தைச் செய்து ஊற்றுக்குக் கொடுத்த நேர்த்திக்கடன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். வெந்நீரும் சேறும் காற்றை அண்டவிடாமல் காத்ததால், சிலைகளில் வெட்டிய எழுத்துகள்கூட அழியவில்லை.

அந்த எழுத்துகளில் எட்ரஸ்கனும் இருக்கிறது, லத்தீனும் இருக்கிறது. பெருஜியாவின் வெலிம்னா குடும்பத்தார் பெயர் இருக்கிறது, சியெனா பக்கத்து மார்க்னி குடும்பத்தார் பெயர் இருக்கிறது. சிலைகள் பெரும்பாலும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எட்ரஸ்கன் நகரங்கள் ரோமுக்குள் கரைந்துகொண்டிருந்த காலம், ரத்தம் சிந்திய காலம். வெளியே அந்த நிலைமை. உள்ளே ஒரே குளத்தின் கரையில் இரண்டு மொழிகளில் வேண்டுதல்.

வழிபாடு கி.பி. 5-ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. பிறகு கிறிஸ்தவம் வேரூன்றிய காலத்தில் அந்த இடத்தை மூடினார்கள். மூடினார்களே தவிர இடிக்கவில்லை. சிலைகளை உருக்கியிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். யாரும் கை வைக்கவில்லை. தெய்வங்களைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கனமான கல் தூண்களைக் குளத்தின் மேல் கிடத்தி அடைத்தார்கள். அடியில் ஊற்று மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

நன்றி, வணக்கம்.