மரம் வைத்த டெக்சாஸ் தண்ணீர் ஊற்றட்டும்

(2026 ஜனவரியில் ஹூஸ்டன் பொங்கல் விழா மேடையில் பேசியது)

அவைக்கு வணக்கம். பேச வாய்ப்புக் கொடுத்த சங்கத் தலைவர் அம்மா அவர்களுக்கும், காலையிலிருந்து பொங்கல் பானையை விட்டு நகராத சகோதரிகளுக்கும், நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பிக்கும் என் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். பேப்பர் இல்லாத, அதாவது இந்த நாட்டில் இருக்கச் சட்டப்படி அனுமதி இல்லாத பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், அவர்களுக்கான உதவித்தொகை, வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள், 21 வயதில் அந்த விசா போய்ப் படும் பாடு.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று என் தாத்தா சொல்வார். ஊரில் இதைக் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுச் சொல்வார்கள். தாத்தா தென்னங்கன்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொல்வார். வைத்தது நீ, ஊற்ற வேண்டியதும் நீ.

நம் மாநிலத்தின் கிழக்கே டைலர் என்று ஓர் ஊர். ரோஜாவுக்குப் பேர் போனது. 1977ல் அங்கே பள்ளி நிர்வாகம், பேப்பர் இல்லாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டு என்றது. கூலி வேலை செய்து பிழைத்த மெக்சிகோக் குடும்பங்கள் எங்கே போகும்? நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து என்று எல்லோரையும் ‘டோ’ என்றே பதிந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் வந்து போகட்டும் என்று நீதிபதி விசாரணையை விடியற்காலை ஆறு மணிக்கு வைத்தார். ஒரு குடும்பம் வந்த காரில் சாமான் நிரம்பி இருந்தது. கோர்ட்டிலிருந்தே நாடு கடத்திவிடுவார்கள் என்று நினைத்து, வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்! ஆனாலும் வந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், அவ்வளவுதான். 1982ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. தோற்ற பள்ளிக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலரே பின்னாளில், தோற்றது நல்லதாகப் போயிற்று என்றார்.

அன்று வைத்த மரம். 2001ல் டெக்சாஸ் அதற்குத் தண்ணீரும் ஊற்றியது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு சட்டம், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெர்ரிதான் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டு இங்கே வசித்து, இங்கேயே ஹைஸ்கூல் முடித்து, தகுதி வந்ததும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம். 24 ஆண்டு நடந்தது. 2025 ஜூன் 4 அன்று மத்திய அரசு வழக்குப் போட்டது. அன்றைக்கே மாநிலம் தலையாட்டியது, அன்றைக்கே நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தியது. அந்தப் பிள்ளைகளின் பேச்சை யாரும் கேட்கவில்லை.

போன ஆகஸ்டில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். மூன்று வயதில் இங்கே வந்தவள். அப்பாவின் விசா எப்போதோ முடிந்துபோனது அவளுக்குப் பதினைந்து வயதில்தான் தெரியும். போனை என் கையில் கொடுத்தாள். கட்டணப் பக்கத்தில் ‘வெளிமாநிலம்’ என்று இருந்தது, தொகை மூன்று மடங்குக்கு மேல். “அங்கிள், அப்போ நான் எந்த ஸ்டேட்?” என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

வழக்கில் மத்திய அரசு காட்டிய 1996ஆம் ஆண்டு மத்திய சட்டம் என்ன சொல்கிறது? வசிப்பிடத்தை வைத்துப் பேப்பர் இல்லாதவர்களுக்குச் சலுகை கொடுத்தால் எல்லா அமெரிக்கக் குடிமக்களுக்கும் கொடு என்கிறது. கலிபோர்னியா வசிப்பிடத்தைத் தொடவே இல்லை. எங்கள் ஹைஸ்கூலில் மூன்று ஆண்டு படித்தாயா என்று கேட்டது. அங்கே படித்துவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபோன குடிமகனுக்கும் அதே கட்டணம். 2010ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. சரி, நாமும் அதையே கேட்போம். சட்டத்தில் ‘வசித்தவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘படித்தவர்’ என்று போடுங்கள். பன்னிரண்டு ஆண்டு படிக்க வைத்த மாநிலம் இது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற வேண்டாமா?

உதவித்தொகை பற்றியும் எச்-4 பிள்ளைகளைப் பற்றியும் தனிக்கூட்டமே போட வேண்டும், போடுவோம். இன்று இந்த ஒரு வேலையை முடித்துவிடுவோம். நம் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில்தான் வழக்கமாகக் கூடும். அடுத்தது 2027 ஜனவரி, நம் பொங்கல் வாரம். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் தாளும் உறையும் இருக்கின்றன. உறுப்பினர் யார் என்று தெரியாவிட்டால் முகவரியைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சாப்பாடு முடியும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.