என் கையில் விழுந்த பள்ளம்: பானிகுலைட்டிஸ் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். சட்டைக் கையை மேலே மடக்குகிறேன், பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் நன்றாகத் தெரியும். இதோ, தோளுக்குச் சற்றுக் கீழே, கையின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம். என் கட்டைவிரல் இதற்குள் பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் எனக்கு அடிபட்டதில்லை, கத்தி பட்டதுமில்லை. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு அழிந்துபோனதால் மேலே இருந்த தோல் உள்ளே இறங்கிவிட்டது.

இதற்குக் காரணமான நோயைப் பானிகுலைட்டிஸ் என்பார்கள். தோலடிக் கொழுப்பின் அழற்சி என்று பொருள். என் கையில் இருப்பது அதன் ஒரு வகை. அது என்ன வகை என்று தெரிய எனக்கு 14 மாதங்கள் ஆயின. அந்த மாதங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு, ஆழத்தில், கெட்டியாக. காட்டியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "கொழுப்புக் கட்டிதானே, ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்." நானும் விட்டுவிட்டேன். கொழுப்புக் கட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது லிப்போமாவை. அது பெரும்பாலும் வலிக்காது. மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், மேலே தோல் நிறம் மாறாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனக்கு வந்தது அமுக்கினால் வலித்தது, தொட்டால் சூடாக இருந்தது. தோல் சிவக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, வெறும் கருமையாகவோ தெரியும். நான் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், கருமை கண்ணுக்கு முன்னால் இருந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தோலடிக் கொழுப்பை ஒரே பாளமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அது சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அறைக்குள்ளே கொழுப்பு உயிரணுக்கள். அறைகளுக்கு நடுவே நார்த்திசுவால் ஆன மெல்லிய சுவர்கள், அவற்றின் வழியே இரத்தக் குழாய்கள். அழற்சி சுவரில் தொடங்கியதா, அறைக்குள் தொடங்கியதா என்பதுதான் நுண்ணோக்கியில் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி. இரத்தக் குழாய்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி.

சுவரைப் பிடிப்பவற்றில் மிக அதிகமாக வருவது எரித்தீமா நோடோசம். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், இரண்டு கால்களிலும் வலியோடு முடிச்சுகள் எழும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, காசநோய், சார்காய்டோசிஸ், குடல் அழற்சி நோய்கள், கர்ப்பம், கருத்தடை மாத்திரை என்று பல காரணங்கள் பின்னால் இருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில், அடிபட்ட கன்றல் போல நிறம் மாறி, தழும்பு வைக்காமல் போய்விடும். முடிச்சு முன்பக்கத்தில் இல்லாமல் கெண்டைக்காலில் வந்து, புண்ணாக உடைந்தால் கதை வேறு. அது எரித்தீமா இண்டுரேட்டமாக இருக்கலாம், அப்போது காசநோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அறைக்குள் நடப்பவை பல. கணையத்தில் நோய் இருந்தால் லைபேஸ் என்ற நொதி இரத்தத்தில் கலந்து, எங்கோ காலில் இருக்கும் கொழுப்பைக் கரைத்துவிடும். வயிற்று வலியே இல்லாமல் காலில் முடிச்சும் மூட்டு வலியுமாக அது முதலில் தலைகாட்டலாம். கல்லீரல் உருவாக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இன்னொரு வகை வரும். வெள்ளை அணுக்கள் விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி அளவு மீறித் திசுவை அரிக்காமல் பார்த்துக்கொள்வது அந்தப் புரதத்தின் வேலை. அது போதாதபோது ஒரு சின்ன அடியே போதும், கொழுப்பு கரைந்து எண்ணெய் போல வழியும். அதைச் சீழ் என்று நினைத்துக் கீறிவிட்டால் புண் இன்னும் பரவும். அதனால் யாரும் இந்த முடிச்சுகளைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் குறைபாடு பரம்பரையானது, நுரையீரலையும் கல்லீரலையும் தொடும் என்பதால் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், என் அறிக்கையில் முதலில் "பானிகுலைட்டிஸ்" என்ற ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தது. பெயர் கிடைத்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி. உண்மையில் அது அழற்சி எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. காய்ச்சல் என்பது எப்படி ஒரு நோயின் பெயர் ஆகாதோ, அப்படி. எதனால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மருத்துவ வரலாற்றிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1892இல் பைஃபர், 1925இல் வெபர், 1928இல் கிறிஸ்டியன் ஆகியோர் காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வரும் கொழுப்பு முடிச்சுகளைப் பற்றி எழுதினார்கள். அது வெபர்-கிறிஸ்டியன் நோய் என்றே நிலைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் காரணம் புரியாதவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. 1998இல் அந்தப் பெயர் சூட்டப்பட்ட 30 நோயாளிகளின் விவரங்களை இரண்டு மருத்துவர்கள் மறுபடி அலசி வெளியிட்டார்கள். எரித்தீமா நோடோசம், நரம்பு போலத் தெரியும் மேலோட்டச் சிரைகளில் வரும் அழற்சி, காயத்தால் வந்தது என்று வேறு வேறு நோய்கள் வெளிப்பட்டன. அதனால் யாராவது உங்கள் தாளில் இன்றும் வெபர்-கிறிஸ்டியன் என்று எழுதியிருந்தால், தேடல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தேடல் எங்கே தடுக்கியது தெரியுமா? பயாப்ஸியில். முதல் முறை, மரத்துப்போகும் ஊசி போட்டு, குழாய் போன்ற ஒரு சிறு கத்தியால் திசு எடுத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அறிக்கையில் தோலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கொழுப்பைப் பற்றி ஒரு வரிதான்: மிகக் குறைவாக இருக்கிறது, அழற்சி தெரிகிறது. நோய் இருப்பது மாடிக்குக் கீழே, பார்த்ததோ மாடியை. மாதங்கள் கழித்து வேறொரு தோல் மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "போதிய கொழுப்பு வரவில்லை, மறுபடி எடுக்க வேண்டும்" என்றார். இம்முறை புதிதாக எழுந்த முடிச்சைத் தேர்ந்தெடுத்து, கத்தியால் ஆழமாக ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார். பழைய முடிச்சில் எடுத்தால், எல்லா வகையும் ஆறும்போது ஒரே மாதிரி தெரியுமாம். துண்டில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார். அறைகளுக்குள் குடியேறியிருந்த அணுக்கள் புற்றுநோய் வகையைச் சேர்ந்தவையா என்றும் தனியாகப் பார்க்கச் சொன்னார். கொழுப்பில் வரும் ஒருவகை லிம்ஃபோமா என் நோயைப் போலவே தோற்றம் தரக்கூடியது. அந்தப் பதினொரு நாள் காத்திருப்பைப் பற்றி இன்று பேசப் போவதில்லை.

பதில் வந்தது: லூபஸ் பானிகுலைட்டிஸ். உடலின் எதிர்ப்பு சக்தி தன் கொழுப்பையே தாக்கும் வகை. முகம், மேற்கை, தோள், பிட்டம் ஆகிய இடங்களை அதிகம் பிடிக்கும், ஆறும்போது பள்ளம் விட்டுச்செல்லும். லூபஸ் என்றதும் சிறுநீரகம், இதயம் என்று மனம் ஓடியது. இந்த வகை வந்த பெரும்பாலோருக்கு உள்ளுறுப்புகளைத் தாக்கும் முழு லூபஸ் இருப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். இருந்தாலும் இரத்தமும் சிறுநீரும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறோம்.

மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும், நடுவில் மனம் தளர்ந்து நிறுத்திவிடக் கூடாது. விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் எடையைக் கணக்கிட்டு அளவு தருகிறார்கள், கண் பரிசோதனையும் உண்டு. வெயிலில் கையை மூடிக்கொள்கிறேன். புகைபிடிப்பவர்களுக்கு இந்த மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கும் பள்ளம் நிரம்பாது. புதிதாக விழாமல் தடுப்பதுதான் குறி. அதனால்தான் அந்த 14 மாதங்கள் எனக்கு இன்னும் வலிக்கின்றன.

உங்களில் யாருக்காவது பயாப்ஸி எழுதிக் கொடுத்திருந்தால், "கொழுப்பு வரை எடுப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அறிக்கை வந்ததும் கொழுப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும். எடையைக் குறைத்தால் போய்விடும் என்று யாராவது அறிவுரை சொன்னால், அதைக் கேட்டு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பக்கம் பாருங்கள், முழங்கைக்கு மேலே நீல மையில் ஒரு வட்டம். நேற்று குளிக்கும்போது கை பட்டது, சுருக்கென்று வலித்தது. சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறேன். அவர் சொல்வதை வந்து சொல்கிறேன்.